நெடுங்குடியிலிருந்து வராத தகவல்

கருவேலங்குளம் ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று பல வருடங்களாகிவிட்டன. மாசிலாமணி மட்டும் இன்னும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். ரயில்வே அவரை எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே! சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

இப்போது ஊருக்கு அந்தக் கட்டடம் வேண்டும். அங்கன்வாடியின் கூரை இடிந்து, பிள்ளைகள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாயத்து ஆட்கள் நடையாய் நடந்தார்கள். மனிதர் அசையவில்லை. ஆனால் உள்ளுக்குள் உறுத்தல் தாங்காமல் தன் குரு வேலம்மையிடம் போனார். அவரைவிட வேலம்மைக்கு வயது குறைவு. மாசிலாமணி அதையெல்லாம் பார்ப்பதில்லை.

"சாவியைக் கொடுத்துடணும்னு தெரியுதும்மா. கை வரமாட்டேங்குது."

"வாங்கய்யா, ஸ்டேஷனைப் பார்த்துட்டு வருவோம்."

பிளாட்பாரத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாசிலாமணியின் கண்ணில் அவை படவே இல்லை.

"இங்கதாம்மா வெள்ளரிப்பிஞ்சு விப்பாங்க. ஒரு தடவை கல்யாணக் கூட்டம், மாப்பிள்ளையை விட்டுட்டு ஏறிடுச்சு! கார்டுகிட்டக் கெஞ்சி வண்டியை நிறுத்தினேன்."

சொல்லிச் சிரித்தார். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை!

"கடைசி வண்டி?" என்றார் வேலம்மை.

"அனுப்பி வச்சேன். அது அடுத்த ஸ்டேஷன் நெடுங்குடிக்குப் போனதும், 'வண்டி வந்து சேர்ந்தது'ன்னு அங்கேயிருந்து எனக்குத் தகவல் வரணும். அதுவரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. அதான் சட்டம்."

"வந்துச்சா?"

"எங்கம்மா வரும்? வண்டி போன கையோட தகவல் கம்பியை அறுத்துட்டாங்க."

"வண்டி போய்ச் சேர்ந்திருக்காதா?"

"சேர்ந்திருக்கும். எனக்கே தெரியும். இருந்தாலும் யாராவது சொல்லணும்ல?" குழந்தை போலக் கேட்டார்.

தண்டவாளம் கிடந்த இடத்தில் இப்போது வெறும் ஜல்லி. வேலம்மை அதைக் காட்டிச் சொன்னார்.

"நான் இந்தப் பக்கத்துக்கு வந்ததே அந்த வண்டியிலதான்யா. நீங்க பச்சைக் கொடியை ஆட்டிக்கிட்டே அழுததை ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

மாசிலாமணி சட்டென்று வேலம்மை பக்கம் திரும்பினார்.

"வண்டி நெடுங்குடி வந்து சேர்ந்துடுச்சு, மாஸ்டர். எல்லாரும் நல்லபடியா இறங்கிட்டோம்."