சாம்பி கேட்ட கசப்பு வேர்

ஆவாரங்காட்டில் ஒரு சட்டம் இருந்தது. மலைச்சரிவில் விளையும் கசப்பு வேரை யாரும் தோண்டக் கூடாது. அதைத் தின்றால் வயிற்றில் தங்கிய கரு கலைந்துவிடும். சட்டம் போட்டவை அத்தனையும் ஆண் விலங்குகள். ஒரு நாள்கூட முட்டைமேல் உட்காராத ஆண் மயில்தான் அதற்காக அதிகம் தொண்டை கிழியக் கத்தியது.

அந்த வருடம் சாம்பி என்ற முயல் மறுபடி கருவுற்றது. போன பிரசவத்திலேயே அது செத்துப் பிழைத்திருந்தது. இன்னொன்றை உடம்பு தாங்காது, உயிர் போய்விடும் என்று முள்ளம்பன்றி வைத்தியர் சொல்லிவிட்டார். வளையில் மூன்று குட்டிகள் தாயை நம்பி இருந்தன. வேரோ ஆழத்தில் இருந்தது. முயலுக்குத் தோண்டத் தெம்பில்லை, வைத்தியருக்குச் சட்டத்தை மீறத் துணிவில்லை. அதனால் சாம்பி சபையில் வந்து அனுமதி கேட்டது.

புதிதாகத் தலைமைக்கு வந்த யானையம்மா எல்லோரையும் கூட்டினார். அந்தக் காட்டில் ஓட்டு என்றால் கூச்சல்தான். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயம். மயிலும் கலைமானும் காட்டுப்பன்றியும் "கூடாது!" என்று போட்ட கூச்சலில் சாம்பியின் குரல் யார் காதிலும் விழவில்லை.

"முடிவு சொல்லுமுன் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் யானையம்மா.

போய்ப் பார்த்தால், சரிவு முழுக்கக் குழிகள்! ஈரமண்ணில் மானின் குளம்படி, பன்றியின் பல் கீறல், மயிலின் கால்தடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. புல் மேய வந்தேன் என்று கலைமான் சமாளித்தது. அங்கே மருந்துக்கும் புல் இல்லை.

அப்போது கலைமானின் துணையான பெண்மான் அதன் முன்னால் வந்தது. "போதுங்க. போன கோடையில எனக்காக இதைத் தோண்டிக் கொடுத்தது நீங்கதானே? நானும் அழுதேன், நீங்களும் அழுதீங்க. சாம்பிக்குத் தோண்ட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

கலைமான் தலையைக் குனிந்துகொண்டது. தங்கைக்காக வந்தேன் என்று பன்றி முணுமுணுத்தது. மயில் தன் தோகையை மும்முரமாகக் கோதத் தொடங்கியது.

இந்த முறை யாரும் கத்த வேண்டாம், ஒவ்வொருவராக என் காதில் வந்து சொல்லுங்கள் என்றார் யானையம்மா. காது பெரியதாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஏறக்குறைய எல்லோரும் "கொடுத்துவிடலாம்" என்றே சொன்னார்கள்.

புறா மட்டும் வேறு மாதிரி சொன்னது. "எனக்கு இன்னும் மனசு ஒப்பலைம்மா. நான் அதைத் தொட மாட்டேன். ஆனா அவ வழியில நிக்கவும் மாட்டேன்."

சட்டம் அன்றே மாறியது. வைத்தியர் தானே போய் வேரைத் தோண்டி வந்தார். பத்தே நாளில் சாம்பி தேறிவிட்டது. குட்டிகள் மூன்றும் அதன் முதுகில் ஏறிக் குதித்தன.

மயிலோ, ஆரம்பத்திலிருந்தே நான் இதைத்தான் சொல்லிவந்தேன் என்று காடெல்லாம் பேசித் திரிந்தது. யாரும் மறுக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்ததோடு சரி.

நமக்கு வந்தபோது நாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டதை, வாய்விட்டுக் கேட்கும் எளியவருக்கு மறுப்பது நியாயமாகாது.