அழுங்கின் வால் கிழித்த கோடு

செதிலி என்ற பெண் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, தன் துணையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது புற்றுமேட்டில், வாகை மரத்தடி வளையில்தான். "வெயில் ஏறுது, உள்ளே வா" என்று கூப்பிட்டது துணை. அன்று மாலை அந்த வளைக்குள்ளேயே அது இறந்துபோனது.

அழுங்குகள் இறந்தவரின் வளையை மண்ணால் மூடிவிடும். அப்புறம் அதை யாரும் தோண்டுவதில்லை. அந்த மேடு முழுக்க அப்படி மூடிய வளைகள். நடுவே வாழும் வளைகள்.

அந்தக் கோடையில் காட்டுக் குட்டை வற்றியது. சுனையிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் வெட்டப் பன்றிகள் கிளம்பின. அவை வெட்ட வெட்டத் தண்ணீர் பின்னாலேயே வந்தது. தலைவன் கட்டையன் மேட்டருகே நின்றது.

"ஒரு கூடுகூட இல்லையே! வெறும் மேடு! இப்படியே வெட்டுங்கடா!"

"அண்ணே, நாங்கள் மண்ணுக்கு அடியில் இருக்கிறோம். இந்தப் பக்கம் வேண்டாம்" என்றது செதிலி.

"கறையான் மொய்க்கும் கட்டை ஒன்று தருகிறேன். எடுத்துக்கொண்டு நடையைக் கட்டு!"

"கறையான் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் எங்கே படுப்போம்?"

கட்டையன் சிரித்துக்கொண்டே மேட்டில் மூக்கை இறக்கியது.

தண்ணீர் மேட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே காணாமல் போனது! மூன்று அழுங்குகள் நனைந்த குட்டிகளை வாலில் ஏற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தன. பன்றிகள் ஒரு துளையை அடைத்தன. பக்கத்தில் இன்னொன்று வாயைத் திறந்தது. வாய்க்கால் வாகை மரத்தை எட்ட இன்னும் பத்தே அடி.

மூன்று நாள் ஆயிற்று. குட்டைக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

"ஏண்டா கட்டையா, தண்ணீர் எங்கே?" என்று கத்தியது குட்டையில் காத்துக் கிடந்த எருமை.

"மேடு குடிச்சிடுச்சு அக்கா!"

"அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டாயா?"

கட்டையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு செதிலியிடம் வந்தது. "தாயே, வளை இல்லாத வழி எது?"

"இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியதா?" என்றது செதிலி. "வழி காட்டுகிறேன். நனைந்த மூன்று வளைக்கும் பதில் வளை நீங்களே தோண்டித் தர வேண்டும். எங்கள் சரிவுக்கு ஒரு மடை எப்போதும் திறந்திருக்க வேண்டும். எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும்!"

"கொடுடா!" என்றது எருமை. காடே "கொடு! கொடு!" என்றது.

"தந்தேன்!" என்றது கட்டையன்.

அன்றே பன்றிகள் மூன்று வளை தோண்டின. பிறகு செதிலி வாலை மண்ணில் அழுத்தி இழுத்தபடி மேட்டைச் சுற்றி நடந்தது. அந்தக் கோட்டின் மேலேயே பன்றிகள் வெட்டின. வாகை மரத்துக்குத் தள்ளியே தண்ணீர் வளைந்து, குட்டைக்குள் குதித்தது! எருமை முதுகில் தவளைகள் துள்ளின. செதிலியை யானை தும்பிக்கையால் தூக்கிக் காட்டியது.

ஊருக்கு நன்மை செய்யக் கிளம்புகிறவர், அந்த மண்ணில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்டு, அவர் இழப்பை ஈடுசெய்த பிறகே முதல் மண்ணை வெட்ட வேண்டும். வாகை மரத்தடி வளை மூடியபடியே இருக்கிறது.