யாருடையதும் அல்லாத உருவம்

மானும் மனிதரும் ஒரே சுனையில் தண்ணீர் குடித்து, அங்கேயே நின்று ஊர்க்கதையும் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் மாராயி என்றொருத்தி இருந்தாள். அவளும் அவள் புருஷன் பொம்மணனும் தினை விதைத்துப் பிழைத்தார்கள். காட்டில் அன்றைக்குப் புலி இருந்தது, பன்றி இருந்தது, யானை இருந்தது. கரடி மட்டும் இல்லை.

மாராயிக்குக் கை சும்மா இருக்காது. பரண்மேல் ஏறிக் கிளி விரட்டும்போதுகூட விரல்கள் நாரைத் திரித்துக்கொண்டே இருக்கும். விலங்கு வேஷம் தைப்பதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். யாரும் கேட்டதில்லை, அதை வைத்து அடுப்பு எரியப்போவதுமில்லை. ஆசைக்குத் தைத்தாள். முள்ளம்பன்றி உதிர்த்த முள்தான் ஊசி. ஒரு விலங்கைத் தைக்கும் முன் அது படுப்பதையும் எழுவதையும் சொறிந்துகொள்வதையும் நாள்கணக்கில் பார்ப்பாள். தைத்ததைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது தோள்பட்டை அந்த விலங்கின் தோள்போலவே ஏறி இறங்காவிட்டால், முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

மான்வேஷம்தான் வம்பை இழுத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சுனைப்பக்கம் நடந்து பார்த்தவளின் பின்னாலேயே ஒரு மான்குட்டி வீடுவரை வந்துவிட்டது. விரட்டினாலும் போகவில்லை. வேஷத்தைக் கழற்றித் தரையில் போட்டாள். குட்டி அந்த வெறுங்கூட்டின்மேல் முகம் வைத்துப் படுத்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் தாய்மான் வாசலில் வந்து நின்றது. "அக்கா, நான் கூப்பிட்டா எம்புள்ள வரமாட்டேங்குது. நீ தச்ச அம்மாதான் வேணுமாம்."

மாராயிக்கு முகம் செத்துவிட்டது. தாயின் கண்முன்னாலேயே வேஷத்தை நார்நாராகப் பிரித்துப் போட்டாள். அப்புறம்தான் குட்டி எழுந்து தாயிடம் போனது.

செய்தி பரவிப் புலியும் வந்தது. சுவரில் மாட்டியிருந்த புலிமுகத்தை வெகுநேரம் பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு. எனக்கே பயமா இருக்கு," என்றது. "இனிமே காட்டுல இருக்கிற யாரோட உருவத்தையும் நீ தைக்கக் கூடாது. தச்சா, உங்க தினைப்புனத்துக்குள்ள பன்னிக்கூட்டம் இறங்கும்போது நான் குறுக்க நிக்கமாட்டேன்."

மாராயி எல்லாவற்றையும் பிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது.

"கூடை முடைஞ்சு பாரேன் பிள்ளே," என்றான் பொம்மணன்.

முடைந்தாள். கூடைக்கு விளிம்பில் காது முளைத்தது, அடியில் மூக்கு நீண்டது. பொம்மணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"பாத்துப் பாத்துத் தச்சதெல்லாம் அவங்களோடதுதானேங்க? எனக்குன்னு ஒரு விலங்கு தெரியலையே," என்றாள்.

அந்த எண்ணம் அவளை விடாமல் அரித்தது. பார்க்காத விலங்கை எப்படித் தைப்பது? மூக்கை நீட்டினால் பன்றி வந்து நின்றது. பிரித்தாள். கன்னத்தை ஒடுக்கினால் நாய் வந்தது. அதையும் பிரித்தாள். கடைசியில் யாரையும் நினைக்காமல் தன்னையே நினைத்துக்கொண்டாள். தேனைக் கண்டால் தன் உதடு எவ்வளவு நீளும், ஈசல் புற்றைக் கிண்ட வேண்டுமென்றால் தன் விரல் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தாள். கை தானாக ஓடியது. கடுக்காய் மையில் தோய்த்த பனந்தும்பால், அந்த முரட்டு நாரால், உடம்பு வைத்தாள். மான் உதிர்த்த கொம்பைச் சீவி நீள நகம் வைத்தாள். பாதத்தைத் தன் பாதத்தின் அச்சாகவே தைத்தாள். கறுத்த நெஞ்சில் வெள்ளைக் கற்றாழை நாரால் ஒரு பிறை. அப்படியொரு பிறை காட்டில் எந்த நெஞ்சிலும் இல்லை.

தையல் வெளியே தெரியக் கூடாதென்று உள்ளே நுழைந்துகொண்டு, கடைசி இடைவெளியை உள்ளிருந்தே தைத்து மூடினாள். நேரே சுனைக்கு நடந்தாள்.

விலங்குகள் கூடிவிட்டன. பன்றி மோந்து பார்த்தது. "மயிரு முரடுதான். ஆனா எங்களுது இல்ல." தாய்மான் குட்டியை ஒட்டி நிறுத்திக்கொண்டு, "எங்களுதும் இல்ல," என்றது. புலி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"அப்ப இது யாரோடது?"



"என்னோடது," என்றாள் மாராயி.

சொன்ன மாத்திரத்தில் தும்பு மயிராயிற்று. கொம்பு நகமாயிற்று. அவள் திடுக்கிட்டு நெஞ்சைப் பிறாண்டித் தையலைத் தேடினாள். தையலே இல்லை.

தண்ணீருக்கு வந்த பொம்மணன், முன்பின் பார்த்திராத கறுத்த மிருகம் ஒன்று தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டான். அவள் அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். அன்றுதான் உண்டான அந்த வாய்க்கு மற்ற விலங்குகளைப் போலப் பேச்சு வரவில்லை, வெறும் உறுமல்தான் வந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். நான்தான் என்று காட்டுவதற்காக அவள் இரண்டு காலில் எழுந்து நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த உயரத்தைக் கண்டு இன்னும் வேகமாக ஓடினான்.

வீட்டில் மாராயி இல்லை. கறுத்த தும்பின் துணுக்குகள்தான் சிதறிக் கிடந்தன. சுனைக்கே திரும்பி வந்தான். ஈரமணலில் அவன் பெண்டாட்டியின் பாதம் பதிந்திருந்தது, விரலுக்கு முன்னால் நகக்கீறலோடு.

"மாராயி!"

புதருக்குப் பின்னால் அது எழுந்து நின்றது. பொம்மணன் இந்த முறை ஓடவில்லை. அங்கேயே நின்றான்.

"கழட்ட முடியலையா?"

அது தலையை ஆட்டியது.

"வலிக்குதா?"

இல்லை என்று ஆட்டியது. அவன் மணலில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு வேணும்," என்றான்.

அவள் தன் நகங்களை நீட்டிக் காட்டினாள். அந்தக் கையால் ஊசி பிடிக்க முடியாது. ஆகவே, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டுக்கூட அறியாத பொம்மணன் தைக்க உட்கார்ந்தான். அவள் பக்கத்திலேயே இருப்புக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். தையல் இளித்தால் நகத்தால் கிழித்துப் போட்டாள். அவன் திட்டிக்கொண்டே மறுபடி தைத்தான். தும்பு ஓரிடத்தில் குத்திட்டு நின்றது, ஓரிடத்தில் சடையாய்த் தொங்கியது. பிறை கோணிக்கொண்டு போயிற்று.

"உன்னோடது மாதிரி வரலையே," என்று அவன் அதைப் பிரிக்கப் போனான். மாராயி அவன் கையைத் தள்ளிவிட்டு, அந்தக் கோணல் பிறையை நாக்கால் நக்கிப் படியவைத்தாள்.

அவன் உள்ளே நுழைந்து தைத்து மூடினான். புலி வந்து யாரோடது என்று கேட்டபோது, "என்னோடது," என்றான்.

அன்று முதல்தான் காட்டில் கரடி உண்டு. அதன் மயிர் எப்போதும் கலைந்தே கிடப்பதும், ஒன்றின் நெஞ்சுப் பிறைபோல் இன்னொன்றுக்கு அமையாததும், ஓரிடத்தில் நில்லாமல் எதையாவது கிண்டிக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான். மனிதரைக் கண்டால் அது இரண்டு காலில் எழுந்து நிற்பதும் அன்று முதல்தான். நாம்தான் ஓடிவிடுகிறோம்.