பிச்சையா வைத்த ரசம்

"அளவெல்லாம் சரியாத்தான் போடுதேன் தாயி. தட்டைத் தள்ளிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடுதா."

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார் பிச்சையா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயசு அறுபத்திரண்டு.

சமையலுக்குக் குரு என்று அவர் தேடி வந்த செல்லக்கிளிக்கு அதில் பாதி வயசுதான். அடுத்த தெருக்காரி. ஒன்பது பேருக்கு ஒற்றை அடுப்பில் பொங்குகிறவள். அந்த வீட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது என்று தெருவில் பேச்சு.

பிச்சையாவின் மனைவி வேலம்மாளுக்கு டைபாய்டு. காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு மட்டும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாயால் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வியாழன்.

"என்ன வச்சீக?"

"ரசம். அவ வைக்கிற மாதிரியே."

"இங்க வச்சுக் காட்டுங்க."

வைத்தார். மிளகு சீரகம் தட்டி, பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டு, நுரை கூடி வரும்போது இறக்கினார்.

செல்லக்கிளி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"பிறகு ஏன் திங்க மாட்டேங்கா?"

"நாளைக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை பருப்புத் துவையல். கருகவிடாமல் வறுத்து, அம்மியில் கொரகொரப்பாக அரைத்தார். கை சிவந்துபோனது. ஒரு உருண்டையை வீட்டுக்கும் கொண்டுபோனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தொடக்கூட இல்ல."

"துவையல்ல குத்தம் இல்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நாளைக்குன்னா ஞாயிறு வந்துரும் தாயி."

"அது வரத்தான் செய்யும். நீங்களும் வாங்க."

சனிக்கிழமை மத்தியானம் அடுப்புப் பக்கம் போனவரை மறித்து, கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

"இன்னைக்குச் சமையல் முடிஞ்சது. பரிமாறுறது நீங்க."

"படிக்க வந்தவனைப் பந்தி விசாரிக்கச் சொல்லுதியே."

"பஸ்ஸுல ஏறினா டிரைவர் போற வழிலதான போகணும் அண்ணாச்சி?"

அவர் கரண்டியைப் பிடித்தார்.

செல்லக்கிளியின் மாமியார், "எனக்குப் புளி ஆகாது. மோர் மட்டும் விடுங்க" என்றாள். கொழுந்தன், "சோத்து மேல ஊத்தாதீக, ஓரமா ஊத்துங்க" என்றான். சின்னப்பிள்ளை ஒன்று, கறிவேப்பிலையை எடுத்தால்தான் குழம்பு வாங்குவேன் என்று தட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

பிச்சையாவுக்கு வேர்த்துவிட்டது. "பொங்கல் கூட்டத்துக்கு டபுள் டிரிப் அடிச்சிரலாம் போலிருக்கு" என்று முனகிக்கொண்டே ஊற்றினார்.

எல்லாரும் எழுந்த பிறகு செல்லக்கிளி உட்கார்ந்தாள்.

ரசத்தை மொண்டார். அவள் தட்டின் மேல் கையை விரித்து மூடினாள்.

குழம்பை எடுத்தார். கை நகரவில்லை.

மோர். அதற்கும் நகரவில்லை.

"அப்ப என்னதான் வேணும் உனக்கு? சொன்னாத்தான தெரியும்."

அவள் கையை எடுக்காமலே கேட்டாள்: "வேலம்மா மதினி, காய்ச்சலுக்கு முன்னால, எதை ஆசையாச் சாப்பிடுவாக?"

பிச்சையா யோசித்துப் பார்த்தார்.

முப்பத்து நாலு வருஷ டூட்டி. அவர் சாப்பிட்டு, கை கழுவி, டிப்போவுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள்.

கரண்டியிலிருந்து மோர் தரையில் சொட்டியது. அவர் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார்.

வேலம்மாள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். கட்டிலை ஒட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வேலம்மா, உனக்கு என்ன பிடிக்கும்?"

பதில் இல்லை.

"சமைக்கதுக்குக் கேக்கேன். உனக்கு என்ன பிடிக்கும்?"

மேலே காற்றாடி மட்டும் கறகறவென்று சுற்றியது.

"நீ சொல்லாம நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்கப் போறதில்ல."

"அஞ்சு நிமிஷம் இருப்பீக. பிறகு டூட்டிக்கு நேரமாச்சும்பீக."

"நாலு வருஷமா எனக்கு ஏது டூட்டி?"

சுவர்ப் பக்கமிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. பிச்சையா முழங்கால் வலித்தும் காலை நீட்டவில்லை.

"கத்தரிக்கா" என்றாள். "ரெண்டு போதும். தணல்ல சுட்டு, தோலை உரிச்சு, உப்புக்கல்லும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைஞ்சு கொண்டாங்க. திங்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம வீட்டுல கத்தரிக்காயே வாங்குனதில்லையே?"

வேலம்மாள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"உங்களுக்கு அரிக்கும்லா."