ஊசிவாயனும் உப்பளத்துச் சேந்தியும்

ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரி இருந்தா. அவ பேரு சேந்தி. கடலோரத்து ஊரு அது. எங்க பார்த்தாலும் வெள்ளை வெளேர்னு உப்புப் பாத்தி, வெயில்ல பார்த்தா கண்ணு கூசும். அவ புருஷன் நாகன் ஏத்தம் இறைச்சுக்கிட்டே பாடுவான். பாத்தியில நிக்கிற அத்தனை பேரும் அந்தப் பாட்டுக்குத்தான் காலெடுத்து வைப்பாங்க. அவங்களுக்கு ஒரே பொண்ணு, வேணி. உன் வயசுதான். உன்னை மாதிரியே வாயும் மூடாது. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அந்த ஊர்ல எல்லாம் இருந்துச்சு, குடிக்கத் தண்ணி மட்டும் இல்ல. எங்க தோண்டினாலும் ஒரே உவர்ப்பு. நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணே ஒண்ணுதான். அது தாழங்காட்டைத் தாண்டி, பள்ளியில இருந்துச்சு. பள்ளின்னா நீ போற பள்ளிக்கூடம் இல்ல. புத்தர் கோயிலை அப்பல்லாம் பள்ளின்னுதான் சொல்வாங்க. உள்ள மூணு சிலை. நடுவுல புத்தர், கண்ணைப் பாதி மூடி உக்காந்திருப்பார். அவரை ஊர்ல பெரியவர்னுதான் சொல்வாங்க. அவருக்கு வலது பக்கம் ஒருத்தர் தாமரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். தாமரைக்கையர்னு ஊர்ல சொல்வாங்க. எங்க யார் அழுதாலும் அவர் காதுல விழுமாம். இடது பக்கம் தாரை அம்மா. ஒரு காலை மடிச்சு, ஒரு காலைக் கீழ ஊனி உக்காந்திருப்பா. ஏன் தெரியுமா? யாராவது கூப்பிட்டா சட்டுனு எழுந்து ஓடி வரணுமாம். தண்ணிக்குப் போற பொம்பளைங்க மூணு பேருக்கும் ஆளுக்கொரு பூ வச்சுட்டு, குடத்தை நிரப்பிக்கிட்டு வருவாங்க.

அப்புறம் ஒரு கோடையில, அந்தத் தாழங்காட்டுக்குள்ள ஒண்ணு வந்து சேர்ந்துச்சு.

அதுக்கு வயிறு நெல்லுக் குதிர் மாதிரி இருக்கும். கழுத்து வைக்கோல் மாதிரி இருக்கும். வாய் இருக்கே, ஊசிக் காது அளவுதான். ஊசிவாயன்னு வச்சுக்கோ. எதைத் தின்னாலும் உள்ள போகாது. ஆனா பசி மட்டும் அடங்கவே அடங்காது. உச்சி வெயில்ல, காக்கா கூடக் கத்தாத நேரத்துல, தாழை மடல் சரசரன்னு ஆடும். காத்தே இருக்காது, மடல் மட்டும் ஆடும். அப்புறம் ஒரு சத்தம். "ஸ்ஸ்ஸ்ய்ய்ங்ங்..." கொசு கத்துற மாதிரி, ஆனா காதுக்குள்ளயே கத்துற மாதிரி.

"அது இங்க வருமா?"

வராது. நீ போர்வையை இழுத்துக்கோ.

மொதல்ல மாட்டினவர் சாத்தையா. ஊர்லயே வயசானவர். ஒரு நாள் தவறாம புத்தருக்குப் பூ வைக்கிறவர். உச்சி வேளையில அவர் காட்டுக்குள்ள வர்றார், சரசர, சரசர... திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள சில்லுனு ஒரு கை கழுத்தைப் பிடிச்சிருச்சு.

"யாரைக் கும்பிடப் போற?"

"பு... புத்தரை."

"கூப்பிடு. அவர் வந்தா உன்னை விட்டுடறேன். வரலைன்னா, கூப்பிட்ட குரல் எனக்கு."

சாத்தையா அடிவயித்துலேர்ந்து கத்தினார். "பெரியவரே! காப்பாத்துங்க!" யாரும் வரலை. இன்னொரு தடவை கத்தினார். தாழம்பூ ஒண்ணு பொத்துனு விழுந்துச்சு, அவ்வளவுதான். மூணாவது தடவை கத்த வாயைத் திறந்தார். அப்போ அந்த ஊசிவாய் அவர் தொண்டையில வந்து ஒட்டிக்கிச்சு. சுர்ர்ர்ர்ர்... இளநியை உறிஞ்சுற மாதிரி உறிஞ்சிருச்சு.

சாத்தையா ஊருக்குத் திரும்பி வந்தார். வாய் திறந்தே இருந்துச்சு, சத்தம் மட்டும் வரலை. என்னாச்சு என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. அவர் ஈர உப்புல விரலால ஒரு பெரிய வயிறு வரைஞ்சார். மேல ஒரு கோடு இழுத்தார். அதுக்கும் மேல ஒரு புள்ளி வச்சார். அதைப் பார்த்ததும் ஊரே அவங்கவங்க வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு.

அப்புறம் யாரும் காட்டுப் பக்கம் போகலை. பானையில இருந்த தண்ணி தீர்ந்துச்சு. உவர்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சாங்க. பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. வேணிக்குக் காய்ச்சல் கொதிச்சுது. உதடு வெடிச்சு, "தண்ணி... தண்ணி..."ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே கிடந்தா.

நாகன் குடத்தைத் தூக்கினான்.

"ஏங்க, வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சாத்தையா பெரியவரைக் கூப்பிட்டிருப்பார். அவர்தான் கண்ணை மூடி உக்காந்திருக்காரே. நான் தாமரைக்கையரைக் கூப்பிடுறேன். அழுதா அவர் காதுல விழும்ல?"

போனான். வெயில் சாயிறதுக்குள்ள வந்துட்டான். குடம் காலி. சேந்தி வாசல்லேர்ந்து ஓடினா. "என்னங்க?" அவன் ரெண்டு கையையும் கூப்பிக் காட்டினான். அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். அப்புறம் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"கூப்பிட்டீங்க. வரலை."

தலையை ஆட்டினான். கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது, அழுகைச் சத்தம் வரலை. சத்தமில்லாம ஒரு ஆம்பளை அழறதைப் பார்த்திருக்கியா? அதைப் பார்க்கத்தான் சேந்திக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேந்தியைச் சுத்திக்கிட்டாங்க. "அடியே, ஆம்பளைங்க கூப்பிடத் தெரியாம கூப்பிட்டாங்க. நீ போய்த் தாரை அம்மாவைக் கூப்பிடு. அவதான் காலை ஊனித் தயாரா உக்காந்திருக்காளே!"ன்னாங்க. சேந்திக்கு நம்பிக்கை வரலை. மறுநாள் காலையில, காட்டை ஒட்டிக் கடல் தண்ணி ஏறி இறங்குற கழியில தண்ணி வத்துற நேரம் பார்த்து, காட்டுக்குள்ள போகாம, கழி வழியா சேத்துல இறங்கினா. சளக் புளக், சளக் புளக்னு இடுப்பளவு சேறு. குடத்தைத் தலையில கவுத்துக்கிட்டு அக்கரை ஏறிட்டா.

பள்ளியில ஒரே ஒரு வயசான பிக்குணிதான் இருந்தாங்க. பிக்குணின்னா வீடு வாசல் எல்லாம் விட்டுட்டு, புத்தர் சொன்னபடி வாழறவங்க. மத்தவங்க எல்லாம் பயந்து கப்பல் ஏறிட்டாங்க, இவங்களுக்கு முட்டி வலி, எங்கயும் போக முடியலை. சேந்தி சிலைக்கு முன்னாடி நின்னா, ஆனா கும்பிடலை.

"அம்மா, தினம் பூ வச்சோமே. கூப்பிட்டா ஏன் வரலை?"

பிக்குணி நடுச் சிலையைக் காட்டினாங்க. "பெரியவர் வரமாட்டாரும்மா. அவர் போயாச்சு. எண்ணெய் தீர்ந்து அணைஞ்ச விளக்கு எங்க போச்சுன்னு கேட்டா என்ன சொல்றது? அவர் நடந்த வழி இருக்கு. அதைக் காட்டிட்டுப் போனாரேன்னு நாங்க பூ வைக்கிறோம்."

"அப்போ தாமரைக்கையரு? தாரை அம்மா?"

"அவங்க வருவாங்கன்னு சொல்றவங்க நிறைய. நிஜமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை."

சேந்திக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "தெரியாதா? என் புருஷனுக்குக் குரல் போச்சு! என் பிள்ளை சாகக் கிடக்கு! அப்புறம் எதுக்கு எங்களைக் கும்பிட விட்டீங்க?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு தாயி"ன்னாங்க பிக்குணி. சேந்தி குடத்தை எடுத்தா. ரெண்டு பேருமா கிணத்துல தண்ணி இறைச்சாங்க. குடத்தைத் தலையில ஏத்தி விட்டுட்டு, பிக்குணி கழிப் பக்கம் பார்த்தாங்க. கடல் தண்ணி ஏறி, கழி கரை முட்ட நிக்குது. மறுபடி வத்துறதுக்குச் சாயங்காலம் ஆகும்.

"சாயங்காலம் வரைக்கும் என் பிள்ளை தாங்காதும்மா."

நேரே தாழங்காட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா.

அப்போ நல்ல உச்சி வேளை. காக்கா கத்தலை. காத்து இல்ல. குடத்துத் தண்ணி தளும்பித் தோள்ல சொட்டுது, டப், டப். வேகமா நடக்கலாம்னா கால் வரமாட்டேங்குது. சரசர... பின்னாடி. சரசர... பக்கத்துல. ஸ்ஸ்ஸ்ய்ய்ங்ங்... அவ நின்னுட்டா. சில்லுனு கை கழுத்தைச் சுத்திக்கிச்சு.

"யாரைக் கும்பிடற?"

சேந்தி தலைக்குடத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"கூப்பிடு. வந்தா உன்னை விட்டுடறேன்."

தாரை அம்மான்னு கத்த வாய் திறந்துடுச்சு. நாக்கு நுனி வரைக்கும் பேர் வந்துடுச்சு. கண்ணு முன்னால அந்த ஊசிவாய் துடிக்குது. அதைச் சுத்தி உதடு, காஞ்ச பாத்தி மாதிரி வெடிச்சு, ஓரத்துல ரத்தம் கட்டியிருக்கு. அவ வீட்டுல பார்த்துட்டு வந்த அதே வெடிப்பு. வேணி உதட்டுல இருந்தது.

"கூப்பிடு!" கை இறுகுச்சு.

"மாட்டேன்"ன்னா சேந்தி. குரல் கீச்சுனு வந்துச்சு.

"பயமில்லையா உனக்கு?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. உனக்குத் தாகமா இருக்கா?"

ஊசிவாயன் அப்படியே நின்னுட்டான். எத்தனையோ பேர் கழுத்தைப் பிடிச்சிருக்கான். எல்லாரும் கத்தினாங்க, அழுதாங்க. யாருமே இதைக் கேட்டதில்ல. "தண்ணி எனக்கு உள்ள போகாது. வாயில பட்டா நெருப்பாயிடும்"ன்னான். அப்படிச் சொல்லும்போதும் கழுத்துலேர்ந்து கையை எடுக்கலை.

சேந்தி குடத்தைக் கீழ இறக்கினா. அவ பிள்ளைக்கு எடுத்த தண்ணி அது. ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் விரலை உள்ள விட்டு, ஒரு சொட்டு எடுத்து, அந்த ஊசிவாய்க்குள்ள விட்டா.

ஸ்ஸ்! புகையாப் போயிடுச்சு. அவன் வலியில ஊளையிட்டான். கை இன்னும் இறுகுச்சு. அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.

ரெண்டாவது சொட்டு. ஸ்ஸ்! மறுபடி புகை. "நிறுத்து, என்னை ஏமாத்துறியா!"ன்னு கத்தினான். அவளுக்கு ஓடிடலாம்னு இருந்துச்சு. எங்க ஓடறது? "கொஞ்சம் பொறு. என் பொண்ணுக்கும் இப்படித்தான் துளித் துளியாக் குடுத்தேன். பொறு"ன்னா.

மூணாவது சொட்டு விட்டா. புகை வரலை.

குளுக்னு ஒரு சத்தம்.

அப்புறம் அவ நிறுத்தவே இல்ல. சொட்டு, சொட்டு, சொட்டா விட்டுக்கிட்டே இருந்தா. நிழல் நகர்ந்து அவ கால்ல விழுந்துச்சு, அப்பவும் விட்டா. குடம் பாதியாச்சு. கழுத்துல இருந்த கை மெல்ல மெல்லத் தளர்ந்துச்சு. திடீர்னு அந்தப் பெரிய வயித்துக்குள்ள ஒரு இருமல் சத்தம். லொக் லொக்! சாத்தையா இருமல்! அது ஊசிவாய் வழியா வெளிய வந்து ஊரைப் பார்த்துப் பறந்துச்சு. அப்புறம் யார் யாரோ குரலெல்லாம் வந்துச்சு. கடைசியா ஏத்தப் பாட்டு, நாகன் குரல்ல, தாழைக்கு மேல மிதந்து போச்சு. வயிறு சுருங்கி, கழுத்து பருத்து, பார்த்தா அது ஒரு மெலிஞ்ச மனுஷன். அவன் தடால்னு அவ கால்ல விழுந்தான்.

"தாரை அம்மா! வந்துட்டியா தாயே!"

சேந்தி பதறிப் பின்னால குதிச்சா. "அய்யய்யோ, எந்திரி! என்னைக் கும்பிடாத. நான் உப்பளத்துச் சேந்தி. கும்பிட எல்லாம் நேரமில்ல, குடத்தைத் தூக்கி விடு. என் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு."

அவன் எழுந்து குடத்தைத் தூக்கி அவ தலையில வச்சான். அவ அப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்தா. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தா. அவனைக் காணோம். தாழம்பூ வாசம் மட்டும் இருந்துச்சு.

காட்டை விட்டு வெளிய கால் வச்சதும், பாத்தி மேல எல்லாம் ஒரு குரல் ஓடி வந்துச்சு. "சேந்தீ... சேந்தீ..." நாகன் கூப்பிட்டுக்கிட்டே வரப்புல விழுந்து எழுந்து ஓடி வர்றான். அவ பதில் சொல்ல வாயைத் திறந்தா, அழுகைதான் வந்துச்சு. வேணிக்குத் துளித் துளியா ஊத்தினாங்க. சாயங்காலம் அவ தானே எழுந்து மடக் மடக்னு குடிச்சா. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டா பாரு, எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

ஊரே வந்து சேந்தியைச் சூழ்ந்துக்கிச்சு. "யார் வந்தா? பெரியவரா, தாமரைக்கையரா, தாரை அம்மாவா?"

"யாரும் வரலை"ன்னா சேந்தி. யாருமே நம்பலை.

அப்புறம் வந்த பௌர்ணமிக்கு அவ மூணு பூவோட பள்ளிக்குப் போனா. காட்டுக்குள்ள நடக்கும்போது பயமாத்தான் இருந்துச்சு, மடல் அசைஞ்சா திரும்பித் திரும்பிப் பார்த்தா. மூணு பேருக்கும் பூ வச்சா. கையைக் கூப்பினா. பிக்குணி கேட்டாங்க.

"கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் பூ வைக்கிறியே தாயி?"

"வரச் சொல்லி வைக்கலைம்மா"ன்னா சேந்தி. "அவன் கழுத்தைப் பிடிச்சிருந்தப்போ, தாகமான்னு கேக்கணும்னு எனக்கு எப்படித் தோணுச்சுன்னு எனக்கே தெரியலை. யார் காட்டின வழியோ, அதான் வச்சேன்."

பிக்குணி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்து, அவங்களும் ஒரு பூவை எடுத்துட்டு வந்து அவ பக்கத்துல நின்னாங்க.

ம் சத்தம் நின்னுடுச்சே. சரி, கதை கரை ஏறிடுச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ கண்ணு, நான் பக்கத்துலயே இருக்கேன்.