நிலைக்கு வராத தேரு

ஒரு ஊர்ல ஒரு தேரு இருந்துச்சாம். ராசா இல்லாம கதையான்னு கேக்காத, ராசாவும் வருவாரு. ஆனா தேருதான் மொதல்ல.

பனை ஒசரத் தேரு. ஒவ்வொரு சக்கரமும் ஆளு ஒசரம். கொன்றையூர் அம்மன் தேரு. வருசத்துக்கு ஒருவாட்டி அம்மன ஏத்தி வச்சு, ஊரே வடம் புடிச்சு, நாலு வீதியும் சுத்தி இழுத்து, கெளம்புன எடத்துலயே கொண்டாந்து நிறுத்துவாங்க. அந்த எடத்துக்குப் பேருதான் நிலை. சக்கரம் உக்கார்றதுக்குன்னே பள்ளம் செதுக்குன நாலு கல்லு போட்டிருக்கும். கட கட கடன்னு வந்து அந்தக் கல்லுல தொப்புன்னு எறங்குச்சுன்னா, தேரு நிலைக்கு வந்துருச்சு, திருவிழா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ம் சொல்லு.

ம்.

அந்த ஊரு ராசா பேரு மாறப்ப ராசா. ராணி எப்பவோ போய்ச் சேந்துட்டா. ஒரே பொண்ணு, வடிவுநாச்சி. ராசாவுக்கு ரெண்டு விசயத்து மேலதான் உசிரு. ஒண்ணு வடிவு. இன்னொண்ணு தாளிப்பு. சிரிக்காத, நெசமாத்தான். மோர்க்கொழம்புல கடுகும் காஞ்ச மொளகாயும் பட பட படன்னு வெடிச்சு, கருவேப்பிலையோட சொய்ங்ங்னு விழுகுற சத்தம் கேட்டாத்தான் அவருக்குப் பசியே எடுக்கும். சபையில பெரிய வழக்கு நடந்துக்கிட்டிருக்கும். அடுப்பங்கரையில சொய்ங்ங்னு கேட்டா போதும், "மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம்"னு எந்திரிச்சிருவாரு.

அப்போ ஒருநாளு, குறி சொல்ற பொம்பள ஒருத்தி அரமனை வாசலுக்கு வந்தா. கையில கோலு, இடுப்புல கூடை. "கைய நீட்டு ராசா"ன்னா. ராசா வெளையாட்டா நீட்டுனாரு.

"இன்னிக்கு ஒன் மாமியா வருவா."

"ஐயையோ! நல்ல சேதியா ஒண்ணு சொல்லும்மா."

"ஒன் வெள்ளக் குதிர ரெட்டக்குட்டி போடும்."

"ம், அப்புறம்?"

அவ கைய விட்டுட்டுக் கூடயத் தூக்கிக்கிட்டா.

"சொல்லிட்டுப் போ."

"வேணாம் சாமி."

"சொல்லுங்கிறேன்ல?"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "தேரு இனிமே கெளம்பி ஓடி, என்னிக்கு நிலைக்கு வந்து சேருதோ, அன்னிக்கு நீயும் போயிருவ ராசா."

ராசா ஹஹ்ஹான்னு சிரிச்சாரு. ஒரு மொறம் அரிசி குடுத்து அவள அனுப்பிட்டாரு. உச்சி சாயுறதுக்குள்ள ஜல் ஜல் ஜல்லுன்னு வாசல்ல மாட்டு வண்டி. யாரு? மாமியா! மூட்ட முடிச்சோட. ராசாவுக்குப் பாதிச் சிரிப்பு போயிருச்சு. பொழுது எறங்குறப்ப குதிர லாயத்து ஆளு ஓடியாரான், "ராசா, ரெட்டக்குட்டி ராசா!" மிச்சச் சிரிப்பும் போயிருச்சு.

அவரு யாருகிட்டயும் மூச்சு விடல. வடிவுகிட்டகூடச் சொல்லல. படுத்துப் படுத்து யோசிச்சாரு. கெளம்பாத தேரு எப்படி வந்து சேரும்? காலையில தமுக்கடிக்கச் சொல்லிட்டாரு. டம் டம் டம்! இந்த வருசம் தேரு கெடையாது!

 அந்த வருசம் மழையும் வரல. தேரு ஓடாததாலதான் மழை வரலையா, அது அந்த அம்மனுக்குத்தான் தெரியும். ஆனா ஊரு அப்படித்தான் நம்புச்சு. கெணத்துல வாளிய விட்டா டங்குன்னு பாறையில முட்டுது. மாடுகன்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. ஊரே தெரண்டு வந்து அரமனை வாசல்ல உக்காந்துருச்சு. "ராசா, எங்கள அடிங்க, கொல்லுங்க. தேர மட்டும் ஓடவிடுங்க"ன்னு.

ராசா மறுபடி யோசிச்சாரு. குறிக்காரி என்ன சொன்னா? கெளம்பக்கூடாதுன்னா சொன்னா? இல்லையே. வந்து சேந்தாத்தானே ஆபத்து! "சரி, கொடியேத்துங்க"ன்னுட்டாரு.

கொடியேத்துனா காப்பு கட்டணும். மஞ்சத்துண்டு வச்ச நூலு, ஒவ்வொருத்தர் கையிலயும் கட்டுவாங்க. கட்டிட்டா, தேரு நிலைக்கு வந்து காப்ப அவுக்குற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக்கூடாது. ஊருக்குள்ள கல்யாணம் வைக்கக்கூடாது. அப்புறம்? வீட்ல தாளிக்கக்கூடாது! எண்ணெ பொகையுற வாசம் அம்மனுக்கு ஆகாதும்பாங்க. ராசாவானாலும் காப்பு காப்புதான். அவரு கையிலயும் கட்டியாச்சு, வடிவு கையிலயும் கட்டியாச்சு. வடிவுக்கு ஆத்துக்கு அந்தாண்ட ஊருல மாப்ள பாத்து, பரிசம் போட்டாச்சு. காளிங்கன்னு பேரு. தேரு முடிஞ்சதும் கல்யாணம்.

தேரு கெளம்புச்சு பாரு! கட கட கட, தடால் தடால்! ரெண்டாவது வீதி திரும்பறப்ப மூக்கு மேல ஒரு சொட்டு. டப். அப்புறம் டப் டப். அப்புறம் சோன்னு ஊத்துது! சனங்க மழையில ஆடிக்கிட்டே இழுக்குறாங்க. மூணாவது வீதி, நாலாவது வீதி. அரமனைக்கு முன்னால வந்துருச்சு. இன்னும் நாலஞ்சு வீடு தாண்டுனா நிலை.

"நிறுத்துங்கடா!"

மேல்மாடத்துலேர்ந்து ராசா கத்துனாரு. தேருக்கு முட்டுக்கட்ட போடுறவரு சங்கிலி ஆசாரி. ஓடுற சக்கரத்துக்கு அடியில கட்டயப் போட்டு நிறுத்துறதுதான் அவரு வேல. ராசா சத்தம் கேட்டதும் கட்டயப் போட்டாரு. டொக்! தேரு ஆடி நின்னுச்சு.

"ராசா, நிலை அந்தா தெரியுதுங்களே"ன்னாரு ஆசாரி.

"நிறுத்துன்னா நிறுத்து. நான் சொல்றப்ப எடுத்தாப் போதும்."

சொன்னாரா? சொல்லல. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

தேரு நடு வீதியில நின்னுச்சு. மழை போயி பனி வந்துச்சு, பனி போயி வெயில் வந்துச்சு, மறுபடி மழையும் வந்துச்சு. சக்கரத்துல புல்லு மொளச்சுது. அம்மன் குடைக்குள்ள சிட்டுக்குருவி கூடு கட்டுச்சு. காப்பு நூலு நைஞ்சு போறப்பல்லாம் புது நூலு கட்டிக்கிட்டாங்க. ஊர்ல ஒரு கல்யாணம் இல்ல. அசலூருக்குப் போன வண்டி ஒண்ணு இல்ல. ஒரு வீட்லயும் தாளிப்பு இல்ல. கொழம்ப வச்சா கொழகொழன்னு, வாசமே இல்லாம. ராசா எல முன்னால உக்காந்து, அடுப்பங்கரைப் பக்கம் காத வச்சுக்கிட்டே இருப்பாரு. ஒரு சத்தமும் வராது. ரெண்டு வாயி தின்னுட்டு எந்திரிச்சிருவாரு. உசிரோட இருந்தாரு. அவ்ளோதான்.

வடிவு எல்லக் கல்லு வரைக்கும் போவா. அந்தாண்ட காளிங்கன் வந்து நிப்பான். காப்பு கட்டுன ஊருக்குள்ள கால வச்சா அவனும் திரும்பிப் போக முடியாது, பாவம், அவங்க அப்பாவுக்கு அவன் ஒரே புள்ள. அதனால ஆளுக்கொரு பக்கம் நின்னுதான் பேச்சு.

"எங்கூட்ல இன்னிக்கு வெங்காய வட"ம்பான்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, ஒங்க சட்டையிலேர்ந்து வாசம் வருது, நான் கல்லத் தாண்டிருவேன் போலருக்கு"ம்பா.

ஒருநாளு ஊருக்குப் பொறுக்கல. ராசாகிட்டக் கேக்காம அவங்களே வடத்தத் தூக்கிட்டாங்க. ஏலேலோ, ஏலேலோ! சக்கரம் கிரீச்சுன்னு மண்ண விட்டு எழும்பிருச்சு. ராசா அரண்டுட்டாரு. என்ன செஞ்சாரு தெரியுமா? நிலைக்கு ஆள அனுப்பி, அந்த நாலு கல்லையும் பேத்து, கொளத்துல உருட்டச் சொல்லிட்டாரு. தொளுக், தொளுக், தொளுக், தொளுக்! "நிலையே இல்ல, இனி எங்க போயிச் சேரும்?"னாரு. சனங்க வடத்தக் கீழ போட்டுட்டு ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போயிட்டாங்க. திட்டியிருந்தாலாவது அவருக்குத் தேவலையா இருந்திருக்கும்.

அன்னிக்கு வடிவு வந்து பக்கத்துல உக்காந்தா. "அப்பா, தேரு மேல ஒங்களுக்கு என்ன கோவம்?"

ராசா அவ கையில இருந்த காப்பப் பாத்தாரு. அப்புறம் குறிக்காரி சொன்னது எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வடிவு அழுகல. "அப்படின்னா தேரு நிக்கட்டும்பா"ன்னா.

"ஒன் கல்யாணம்?"

"நிக்கட்டும். எனக்கு ஒருத்தருதான் அப்பா."

மறுநாளு அவ எல்லக் கல்லுக்குப் போனா. ராசா அவளுக்குத் தெரியாம பின்னாடியே போயி, ஒரு வேப்ப மரத்து மறவுல நின்னுக்கிட்டாரு.

"எனக்காக நிக்காதீங்க. வேற எடத்துல பொண்ணு பாத்துக்குங்க"ன்னு வடிவு சொல்றா.

"ஏன்?"

"கேக்காதீங்க."

காளிங்கன் கேக்கல. ஆனா போகவும் இல்ல. கல்லுக்கு அந்தாண்ட அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். வடிவு திரும்பிப் பாக்காம நடந்தா. அரமனைக்குள்ள போற வரைக்கும் பாக்கவே இல்ல.

ராசா வீதி வழியா மெதுவாத் திரும்புனாரு. ஒரு வீட்டு வாசல்ல ஒருத்தி மார்ல அடிச்சுக்கிட்டு அழுகுறா. "யாரும்மா போனது?"ன்னாரு. "எங்காத்தா ராசா. அசலூர்ல. மொகத்தப் பாக்கக்கூட என்னால போக முடியல"ன்னா, காப்புக் கையத் தூக்கிக் காட்டி. அவரு நேரா தமுக்கடிக்கிறவன் வீட்டுக்குப் போயி, தமுக்க வாங்கி, அவரே அடிச்சாரு. டம் டம் டம்! வடம் புடிக்க வாங்க! வாங்க எல்லாரும்!

ம் சொல்லு.

ம்.

ஊரே ஓடியாந்துச்சு. ராசா தலப்பாவ அவுத்து வச்சுட்டு, கட்டயத் தானே உருவி எறிஞ்சுட்டு, வடத்துல மொத ஆளா நின்னாரு. கட கட கடன்னு தேரு எழும்பி, நாலஞ்சு வீட்டத் தாண்டி, நிலை இருந்த எடத்துக்கு வந்துச்சு. அங்க என்ன இருக்கு? வெறும் மண்ணு.

"ராசா, எங்க நிறுத்த?"ன்னாரு சங்கிலி ஆசாரி. "கல்லுதான் இல்லையே. இனி நீங்க வாயத் தொறந்து சொல்ற எடம்தான் நிலை."

பாத்தியா? சாகக்கூடாதுன்னு கல்லப் பேத்தாரு. இப்போ எங்க சாகணும்னு அவரே சொல்லணும்.

ராசா மறுபடி வடத்த இறுக்கிப் புடிச்சாரு. "இன்னொரு சுத்து"ன்னாரு. இன்னொரு சுத்து வந்துச்சு. "எங்க ராசா?" "இன்னொரு சுத்து." கெழவங்க தஸ் புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறாங்க. புள்ளைங்க தோள்லயே தூங்கிருச்சுங்க. ஒருத்தரும் விடல. விட்டா மறுபடி நின்னுருமோன்னு பயம்.

மூணாவது சுத்துல, தேரு ஏன் இவ்ளோ கனமா வருதுன்னு ராசா திரும்பிப் பாத்தாரு. வடத்தோட நடுவுல வடிவு. கால மண்ணுல ஊனிக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்த நிக்கிறா. ஊரே முன்னால இழுக்குது. அவ ஒருத்தி மட்டும் பின்னால இழுக்குறா.

ராசாவுக்கு என்னமோ சிரிப்பு வந்துருச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. கிட்டப் போயி அவ வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு வடத்த விடுவிச்சாரு. உள்ளங்கையெல்லாம் கன்னிப் போயி செவந்திருந்துச்சு. "போதும்டா கண்ணு"ன்னாரு. அப்புறம் ஒரக்கச் சொன்னாரு. "ஆசாரி, இங்கதான்."

டொக்!

சங்கு ஊதுச்சு. பூசணிக்கா ஒடஞ்சுது. அம்மனுக்குச் சூடம் காட்டி, எல்லாரு கையிலயும் காப்ப அவுத்தாங்க. ராசா கையக் கடைசியா நீட்டுனாரு. அவுத்ததும் தேர்ச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்து, பானகம் வாங்கிக் குடிச்சாரு. "வீட்டுக்குப் போங்கப்பா, எல்லாரும் பசியா இருப்பீங்க"ன்னாரு.

கொஞ்ச நேரந்தான். மொதல்ல கெழக்கு வீதியில ஒரு வீட்ல பட பட பட... சொய்ங்ங்! அப்புறம் எதுத்த வீட்ல சொய்ங்ங்! அப்புறம் நாலு வீதியிலயும் சொய்ங்ங், சொய்ங்ங்னு! ஊரே கமகமன்னு மணக்குது. ஒவ்வொரு வீட்லயும் ஆளுங்க தும்முறாங்க, ஹச், ஹச்! தும்மிக்கிட்டே சிரிக்கிறாங்க.

ராசா கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "ஏம்மா வடிவு, நம்ம வீட்ல மட்டும் இன்னும் கடுகு போடலையா?"ன்னாரு.

வடிவு எந்திரிச்சு ஓடுனா. எண்ணெய ஊத்தி, கடுகப் போட்டு, மொளகாயக் கிள்ளிப் போட்டு, சொய்ங்ங்னு மோர்க்கொழம்புல கொட்டுனா. கிண்ணத்தோட ஓடியாந்து பாத்தா, ராசா சக்கரத்துல சாஞ்சபடியே இருந்தாரு. மொகம் மட்டும் அரமனை அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியிருந்துச்சு.

சத்தம் கேட்டுட்டுத்தான் போயிருப்பாரு. கேட்டிருப்பாரு, கேட்டிருப்பாரு.

ஊரு அழுதுச்சு. வாசல்ல அழுத அந்தப் பொம்பளயும் அவங்க ஆத்தாவுக்கும் சேத்து அழுதுட்டு, எல்லையத் தாண்டி நடந்து போனா. கல்லுக்கிட்ட உக்காந்திருந்த காளிங்கன் எந்திரிச்சு உள்ள வந்தான். துக்கம் ஆறுனப்புறம் கல்யாணம் நடந்துச்சு. ராசா சொன்ன எடத்துலதான் புதுசா நாலு கல்லு போட்டாங்க. இன்னிக்கும் அந்த ஊர்ல தேரு நின்னு காப்ப அவுத்ததும், மொதல்ல தாளிச்ச கொழம்ப ஒரு கிண்ணத்துல கொண்டாந்து சக்கரத்துகிட்ட வச்சுட்டுத்தான் மத்தவங்க சாப்பிடுவாங்களாம்.

ம் சொல்லு. ...சொல்ல மாட்டியா?

சரி சரி. தேரும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. நீயும் கட்டயப் போட்டு நிறுத்திக்க தங்கம். தூங்கு.