கல்லில் விட்ட இடம்

வல்லக்குன்றத்து அரசன் தன் புகழைச் சொல்லும் பாட்டொன்றைக் குன்றின் மேல் பாறையில் வெட்டச் சொல்லியிருந்தான். ஒரே ஒரு சொல்லைத் தவிர பாட்டு முழுவதும் வெட்டியாகிவிட்டது. ‘மன்னர்க்கெல்லாம் நீயே’ என்பதோடு உளி நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சாண் அகலத்துக்குப் பாறை மொட்டையாகக் கிடந்தது.

அந்த ஒரு சாண் இடம் அதுவரை இரண்டு புலவர்களை விழுங்கியிருந்தது.

முதலில் வந்தவர் ‘உச்சி’ என்றார். “உச்சிக்கு வந்த வெயில் அப்புறம் எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டான் அரசன். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நிலவறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் ‘சிகரம்’ என்றார். “சிகரத்துக்கு மேல கலசம் வைப்பாங்களே, அந்தக் கலசம் யாரு?” என்றான் அரசன். அந்தப் புலவரைப் பாறையின் விளிம்புக்கு அழைத்துப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு, திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. மறுநாள் ஒரு சேவகன் அவருடைய மேல்துண்டை மட்டும் மடித்துக் கொண்டுவந்து அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மூன்றாவதாகப் பலவேசக் கவிராயருக்கு ஆள் வந்தது. நாளை காலை சொல்லோடு வரவேண்டும் என்று உத்தரவு.

கவிராயர் சபையில் எத்தனையோ பேரை மடக்கிய மனிதர். சேவகன் தலை மறைந்ததும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வடிவாச்சி வீட்டுக்கு ஓடினார்.

வடிவாச்சி அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் சொல்லின் எடை பார்க்க அவளிடம்தான் அவர் கற்றுக்கொண்டார். அதை வெளியில் சொல்ல அவர் கூச்சப்பட்டதும் இல்லை. அவள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வியோடு வருகிறவர் முதலில் அங்கே ஒரு வேலையை முடித்துக்கொடுக்க வேண்டும். மாவாட்டி முடிப்பதற்குள் கேள்வியே மறந்துபோய் வீடு திரும்பியவர்களும் உண்டு.

“அம்மா, எனக்கு ஒரு சொல் வேணும். உயிர் போற அவசரம்” என்றார் கவிராயர்.

“முகட்டுக் கீற்று காத்துல பறந்துபோச்சு. மழை வர்ற மாதிரி இருக்கு. ஏறிக் கட்டும்.”

“நான் சொன்னது காதில விழுந்துதா? நாளைக்கு என்னைக் கொல்லப் போறாங்க.”

“அதனாலதான் இன்னைக்கே கட்டச் சொல்றேன்.”

மூங்கில் ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. கவிராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பிறந்ததிலிருந்து அவர் ஏறிய பெரிய உயரம் கோயில் வாசற்படிதான். ஒவ்வொரு படியையும் தடவிப் பார்த்துத்தான் கால் வைத்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

“முடின்னு சொல்லலாமா அம்மா?”

“தலைக்குத் தலை மாறுமேன்னு கேட்பார்.”

“கொடுமுடி?”

“அங்க கழுகைத் தவிர யாரும் குடியிருக்கறதில்லையேன்னு கேட்பார்.”

“நுனி?”

“ஒடியுமான்னு கேட்பார்.”

“முகடு?”

“நீர் இப்ப அதிலதான் காலை வைக்கப் போறீர். வச்சுப் பார்த்துட்டுச் சொல்லும்.”

வைத்துப் பார்த்தார். காலுக்குக் கீழே மூங்கில் முனகியது. நிற்க முடியாமல் குதிரையில் உட்காருகிறவரைப் போல முகட்டின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கீற்றை இழுத்துவைத்துக் கயிறு முறுக்கினார். முடிச்சுப் போடுவதில் கவனமாக இருந்தபோது, கீழே ஏதோ தரையில் உரசும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி முடிச்சையும் போட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஒரு காலால் ஏணியைத் துழாவினார்.

காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

“அம்மா, ஏணியைக் காணோம்.”

“கட்டியாச்சா?”

“கட்டியாச்சு. ஏணி எங்க?”

“இருக்கட்டும். இப்பச் சொல்லும். உச்சியா, சிகரமா, முகடா? உமக்கு எது வேணும்?”

மழைக்கு முந்தின காற்று அப்போது வந்தது. கூரை முழுவதும் ஒருதரம் எழுந்து அடங்கியது. கவிராயர் குப்புறப் படுத்துக் கீற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அத்தனை காலம் அவர் சேர்த்துவைத்த சொற்களில் ஒன்றுகூட அந்த நேரம் கைகொடுக்கவில்லை. நாளைக்குச் சாகப்போகிறோம் என்ற பயம்கூடப் போய்விட்டது. இப்போதே சாகப்போகிறோம் என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அந்தச் சொல்லெல்லாம் எனக்கு வேண்டாம்” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“வேற எது வேணும்?”

“ஏணி.”

வடிவாச்சி ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள்.

“பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேன்.”

ஒவ்வொரு படியிலும் அவர் அதையே கேட்டார். ஒவ்வொரு படியிலும் அவள் அதையே சொன்னாள். தரையில் கால் பட்டதும் கவிராயர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

“வேலையை முடிச்சுட்டேன். சொல்லை இன்னும் நீங்க சொல்லலையே” என்றார்.

“நீரே சொல்லிட்டீரே.”

“எப்ப?”

“மேல இருந்தப்ப” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கவிராயருக்குப் புரிந்தது. புரிந்ததால் பயம் இன்னும் அதிகமானது. மன்னர்க்கெல்லாம் மேலான மன்னனுக்கு முன்னால் நின்று ஏணி என்று சொல்லும் தைரியம் எந்தப் புலவனுக்கு இருக்கிறது? அவருக்கு இல்லை. பொழுது விடிந்ததும் வடிவாச்சி வீட்டு ஏணியையே தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறினார். நிறையப் படித்தவர்களுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை அது.

குன்றின் மேல் மண்டபம் கட்டி முடித்த நாளிலிருந்து அரசன் கீழே இறங்கியதே இல்லை. சாப்பாடு மேலே போகும். வழக்கு மேலே போகும். ஊரார் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கவிராயரும் அன்று காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஏணியோடு அவர் படியேறி வந்ததைப் பார்த்து மண்டபத்தில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அரசன் சிரிக்கவில்லை. அவன் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, நடுத்தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கை பின்னால் போய்த் தூணைப் பற்றியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. நேற்றுக் கீற்றைப் பிடித்திருந்த தன் விரல்கள் கவிராயரின் நினைவுக்கு வந்தன.

“சொல் எங்கே?” என்றான் அரசன்.

கவிராயர் ஏணியைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

“இது என்ன?”

“நேத்து ஒரு கூரை மேல ஏறினேன், மகாராஜா. மேல இருந்தப்ப எனக்கு ஒரு சொல்லும் நினைவுக்கு வரலை. இது ஒண்ணுதான் வந்துது.”

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. விளிம்புப் பக்கம் நின்ற சேவகர்கள் இருவர் ஓரடி முன்னால் வந்தார்கள். கவிராயர் கண்ணை மூடிக்கொண்டார். தன் மேல்துண்டை யார் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பார்கள் என்று நினைத்தார்.

“எல்லாரும் கீழ போங்க” என்றான் அரசன். “இந்த ஆள் மட்டும் இருக்கட்டும்.”

காலடிச் சத்தங்கள் படியிறங்கி ஓய்ந்தன. அரசன் தூணை விட்டு எழுந்து வந்தான். குனிந்து ஏணியின் ஒரு படியைத் தொட்டான்.

“இறங்கறப்ப பயமா இருந்துதா?”

“ஏறறதைவிடப் பயமா இருந்துது, மகாராஜா.”

“ஆனாலும் இறங்கிட்டே.”

“கீழ ஒருத்தர் பிடிச்சிருந்தாங்க.”

ஏணியின் மேலிருந்த அரசனின் கை நடுங்கியது. கவிராயர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்திருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. இந்த மனிதனின் கை நடுங்குவதைப் பார்த்தவனை இவன் எப்படி உயிரோடு விடுவான்?

“இதை இங்கேயே வச்சிட்டுப் போ” என்றான் அரசன்.

“மகாராஜா?”

“போ.”

கவிராயர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். பாதிப் படிக்குப் பிறகு ஓட்டம்தான். வடிவாச்சி வீட்டுக்கு வந்து சேரும்வரை அவர் நிற்கவே இல்லை.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தப்பிச்சுட்டேன் அம்மா” என்றார். செருப்பை வாசலில் உதறிவிட்டு, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். சட்டென்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஏணி எங்க?”

“அவர் வச்சுக்கிட்டார். நான் வேற செஞ்சு தர்றேன்.”

“பாறையில என்ன வெட்டப் போறாங்களாம்?”

“அதை அவர் கேட்கவே இல்லை. எல்லாரையும் கீழ அனுப்பிட்டு ஏணியைத் தொட்டுப் பார்த்தார். கை நடுங்குச்சு அம்மா, என்னை மாதிரியே.”

முறம் நின்றது.

“கீழ ஒருத்தர் பிடிச்சிருந்தாங்கன்னு அவர்கிட்ட சொன்னீரா?”

“சொன்னேன்.”

“சொல்லிட்டு வந்துட்டீர்.”

“போன்னு அவர்தான் சொன்னார்.”

வடிவாச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப அவர் இறங்கறப்ப யாரு பிடிச்சுக்கறது?”

கவிராயர் சொம்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். குன்று அங்கிருந்தே தெரிந்தது. செருப்பைச் சரியாகப் போட்டுக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது.